கோணமலைத் துறையும் சில வாழ்க்கை வரலாறுகளும்

1681ஆம் ஆண்டிலே ஐரோப்பாவில் இரண்டு நூல்கள் அச்சேறின. ஒன்று இலிஸ்பன் நகரிலே ஸ்பானிய மொழியில் வெளிவந்தது. இலங்கையில் போர்த்துக்கேயரின் தளபதியாக விளங்கி 1630இல் களத்திலே மாண்ட கொன்ஸ்தந்தீனு டீ சா என்பவரின் சரித்திரத்தை அவருடைய மகன் எழுதியது அது. மற்றது இலண்டனிலே ஆங்கிலத்தில் வெளிவந்தது. கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனிடத்தில் 19 ஆண்டுகள் அகப்பட்டிருந்து தப்பியோடிய றொபேட் நொக்ஸ் என்பவர், தாம் கண்டதையும் பட்டதையும் எழுதியது இது. ஒரு நூலுக்கும் மற்றதற்கும் யாதொரு தொடர்புமில்லை. ஆயினும் இரண்டினையும் சேர்த்துக் கட்டும் முடிச்சு ஒன்றுண்டு. அது நமது கோணமலைத் துறை. கோணேசர் ஆலயம் இடிபட்டதும் அதன் கற்களாற் கோட்டை எழுந்ததும் முன்னவரின் ஆட்சிக் காலத்திலே. துறைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவிலே பிடிபட்டவர் பின்னவர்.

வாசிகசாலைக்கு வரும் இளைஞர்கள் எந்த வாழ்க்கை வரலாற்றை முதலில் எடுத்துப் படிக்கலாம் என்று கேட்பதுண்டு. காந்தியடிகள், நெப்போலியன், ஆபிரகாம் இலிங்கன் என்று அவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை தவறன்று. ஆனால் அது எந்த ஊரிலும் எந்த வாசிகசாலையிலும் சொல்லத்தக்க விடை. நாம் இங்கே வேறொரு வழியாற் செல்ல விரும்புகிறோம். நமது கடற்கரையிலே கால் வைத்தவர்களும் நமது மண்ணிலே அடங்கியவர்களும் பற்றிய நூல்கள் சில உண்டு. அவற்றிலிருந்து தொடங்கிப் பின்னர் நமது மொழியிலுள்ளவற்றுக்கு வருவோம். தன் ஊரைப் பிறன் எழுதியவாறு படிப்பவனுக்கு, படிக்கும்போதே வினாக்கள் எழுகின்றன. அவ்வினாக்கள் நல்லவை.

டீ சாவின் சரித்திரத்தை ஏன் படிக்கவேண்டும் என்று நம்மவர் சிலர் சினக்கலாம். 1620களில் நமது ஆலயத்தை அழித்தவரின் புகழை நாம் ஏன் காதாற் கேட்கவேண்டும்? ஆனால் சரித்திரம் படிப்பவன் எதிரியின் வீட்டுத் திண்ணையிலும் சற்றுநேரம் இருக்கப் பழகவேண்டும். அந்நூலை எழுதியவர் ஒரு மகன். தன் தந்தை நம்பிய படையினரே பகைவருடன் சேர்ந்துகொள்ள, ஊவா மலைநாட்டிலே தனித்து நின்று மாண்டார் என்பதே அம்மகனுடைய நெஞ்சை அறுக்கும் செய்தி. நமக்கோ பாறையின் மேல் நின்ற கோயிலே செய்தி. ஒரே மனிதன், ஒரு பக்கத்திலே வீரனும் மறுபக்கத்திலே கோயிலழித்தவனுமாக நிற்கிறான். மகன் எழுதிய நூலைப் படித்துவிட்டுக் கோட்டை வாயிலுக்குச் சென்று, அங்கே சுவரிலே பதிந்திருக்கும் இணைக்கயல் பொறித்த கல்லைப் பாருங்கள். அந்தக் கல்லின் பக்கத்துக் கதையை அவர் எழுதவில்லை. அதை எழுதவேண்டியவர் அவருமல்லர். இந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு வேத்தியல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையிலே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளிவந்துள்ளது. பழைய நூனிலையங்களிலே தேடினாற் கிடைக்கும்.

நொக்ஸின் நூலோ வேறு இனம். அதைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

'ஆன்' என்னும் கப்பல் 1659ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே மசூலிப்பட்டினத் துறையிற் புயலில் அகப்பட்டுப் பாய்மரத்தை இழந்தது. புதுமரம் நாட்டுதற்கும் சிறிது வியாபாரம் செய்தற்குமாக அது கொட்டியாரக் குடாவுக்கு வந்து சேர்ந்தது. கப்பற்றலைவரின் பெயரும் றொபேட் நொக்ஸ். அவருடைய மகனே நாம் சொல்லும் நூலாசிரியர். அப்போது அவருக்கு வயது 19. அரசனுடைய ஆட்கள் நயமாகப் பேசித் தலைவரைக் கரைக்கு அழைத்தனர். அவர் ஒரு புளியமரத்தின் கீழ் அமர்ந்திருந்த வேளையிலே சூழ்ந்து பிடித்துக்கொண்டனர். அந்த மரத்தின் நினைவாக 1893இல் மூதூரிலே ஒரு கல் நடப்பட்டது. வெள்ளைக்காரன் மரம் என்று கல்லிலே பெயர் வெட்டினார்கள்.

அதன்பின் நிகழ்ந்ததே இந்நூலின் உயிர்ப்பகுதி என்போம். பிடிபட்ட மகனை, கப்பலுக்குச் சென்று செய்தி சொல்லி வருமாறு அனுப்பினர். கப்பலேறியவன் அங்கேயே நின்றிருக்கலாம். அவனைத் தொடர்ந்து பிடிக்க ஒருவராலும் இயலாது. ஆனால் திரும்பி வருவேன் என்று தந்தைக்கு வாக்குக் கொடுத்திருந்தான். கப்பலைக் காத்துக்கொண்டு புறப்பட்டுப் போகுமாறு மாலுமிகளுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுத் தோணியிலேறிக் கரைக்கு வந்தான். அந்த ஒரு தோணிப் பயணத்தின் விலை அவனுடைய வாழ்வில் 19 ஆண்டுகள். இராமனைக் காட்டுக்கு அனுப்பிய வாக்கைப்பற்றி ஆண்டுதோறும் கதாப்பிரசங்கம் கேட்கும் நமக்கு, நமது குடாக்கடலிலேயே அதுபோன்றதொன்று நடந்த செய்தி தெரியாதிருப்பது விந்தையே.

பிடிபட்ட 16 பேரையும் மலைநாட்டுக் கிராமங்களிலே பிரித்து வைத்தனர். தந்தையும் மகனும் ஓரிடத்தில் இருந்தனர். காய்ச்சல் இருவரையும் வாட்டியது. 1661ஆம் ஆண்டு பெப்ருவரியிலே தந்தை இறந்தார். புதைப்பதற்குத் துணை கேட்டபோது, கிராமத்தார் மாடு கட்டும் கயிறொன்றைக் கொண்டுவந்து, பிணத்தை இழுத்துச் சென்று காட்டிலே விடச் சொன்னார்கள். எழுந்து நடக்கவும் வலியற்றிருந்த மகன் எப்படியோ குழி வெட்டுவித்து அடக்கம் செய்தார். இதை நொக்ஸ் அழுது புலம்பி எழுதவில்லை. இன்ன நாள், இன்ன இடம், இன்னது நடந்தது என்ற அளவிலே நிறுத்திக்கொள்கிறார். நமது நினைவு மலர்களில் எழுதும் அன்பர்கள் இந்த அடக்கத்தைக் கவனிக்கவேண்டும்.

அந்தப் பக்கங்களிலேதான் ஒரு பையன் வருகிறான். தந்தை நொக்ஸ் பரங்கிப்பேட்டையிலிருந்து தமக்குப் பணிவிடை செய்யக் கொண்டுவந்த சிறுவன் அவன். கப்பற்றலைவர் சிறைப்பட்டபோது அவனும் உடன் அகப்பட்டான். தன்னைப்போன்ற நிறத்தவர் கையிலே எசமான் கைதியாகிவிட்டதைக் கண்டபின், அவன் முன்போலச் சொற்கேட்கவில்லை என்று மகன் குறைபட்டுக்கொள்கிறார். தந்தை இறந்த நேரத்திலே பக்கத்திலிருந்தவனும் அவனே. ஊராரிடம் துணை கேட்டுச் சென்றவனும் அவனே. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த அவன் தமிழ் பேசியவனாகவே இருத்தல் கூடும். அவனுக்குப் பெயர் இல்லை. நூல் முழுவதிலும் 'கறுத்தப் பையன்' என்பதே அவன் பெயர். அரசனுடைய பெயரும் கப்பலின் பெயரும் சக கைதிகளின் பெயரும் நன்றாக நினைவிலுள்ள ஆசிரியருக்கு, தந்தையின் தலைமாட்டிலிருந்தவனின் பெயரை எழுதவேண்டும் என்று தோன்றவில்லை. வாழ்க்கை வரலாறு எதைப் படித்தாலும், இதிலே பெயரோடு வருபவர் யார், பெயரின்றி வந்து போகிறவர் யார் என்று ஒருமுறை பார்க்கும் பழக்கத்தை இந்தப் பையனை வைத்தே நாம் கற்கலாம்.

எஞ்சிய கதையைச் சுருக்குவோம். நொக்ஸ் தொப்பி பின்னி விற்றும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் பிழைத்தார். வட்டி நூற்றுக்கு ஐம்பது என்பதை மறைக்காமல் எழுதுகிறார். தம்மிடமிருந்த இரண்டொரு சமய நூல்களையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தவருக்கு ஒருநாள், முதியவர் ஒருவரிடமிருந்து தம் மொழியிலே அச்சிட்ட வேதாகமம் ஒன்று கிடைத்தது. அதன் விலை பின்னிய தொப்பியொன்று. நூலகத்திலே எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க மறக்கும் நமது நண்பர்கள், ஒரு தொப்பிக்கு ஒரு புத்தகம் வாங்கி ஆனந்தக் கண்ணீர் விட்டவனையும் எண்ணிப் பார்க்கட்டும். இறுதியில், நாடோடி வியாபாரிகளைப்போலத் திரிந்து வழி அறிந்துகொண்டு, ஸ்ரீபன் றட்லண்ட் என்னும் தோழரோடு வடக்கு நோக்கி நடந்து, அநுராதபுரத்தைக் கடந்து காட்டாற்றோரமாகச் சென்று, 1679 ஒக்டோபர் 18ஆந் திகதி ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். அந்த வழியிலே தமிழ் வழங்கிய ஊர்களையும் கயிலை வன்னியன் நாட்டையும் பற்றி அவர் எழுதுவன நமது சரித்திரத்துக்கு அரிய சான்றுகள்.

ஆனால் நொக்ஸின் கதை அரிப்போடு முடியவில்லை. ஊர் திரும்பியபின் அவரே கப்பற்றலைவரானார். மடகஸ்கார்த் தீவுக்கு அடிமைகள் வாங்கச் சென்ற கப்பலை நடத்தினார். 19 ஆண்டுகள் பிறர் கையில் அகப்பட்டிருந்தவர் தாமே மனிதரை விலைக்கு வாங்கினார். இதை அறியவேண்டுமாயின் 1681இல் வந்த நூல் போதாது. அவர் பின்னாளில் எழுதிய சுயசரிதக் குறிப்புகள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்து 1911இல் அச்சேறின. இரண்டையும் சேர்த்துப் படித்தவனே நொக்ஸைப் படித்தவன். முதற் புத்தகத்தை மட்டும் படித்து அவரைப் போற்றுவோரும், பிற்பட்ட செய்தியை மட்டும் கேட்டு அவரைத் தூற்றுவோரும் பாதி மனிதனையே கண்டவர்கள்.

நமது கடற்கரை வெளியருகிலுள்ள பழைய கல்லறைத் தோட்டத்திலே சாள்ஸ் ஒஸ்ரின் என்னும் கடற்படைத் தளபதியின் சமாதி உண்டு. பர்மாவிலே ஐராவதி நதியில் 1852இல் நோயால் இறந்தவர் இங்கே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய தமக்கையே புகழ்பெற்ற நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரின். தம்பி தமக்கு முதலிற் கிடைத்த போர்ப்பரிசுப் பணத்திலே சகோதரிமார் இருவருக்கும் புஷ்பராகச் சிலுவைகள் வாங்கி அனுப்பினார். ஜேனைப்பற்றி அவருடைய மருமகன் எழுதிய நினைவு நூல் 1869இன் இறுதியில் வெளிவந்தது. 'ஜேன் ஒஸ்ரினின் மாலுமிச் சகோதரர்கள்' என்னும் நூலை அதே குடும்பத்தின் வழிவந்தோர் 1906இல் எழுதினர். அவர்கள் வீட்டிலே கடிதங்கள் இருந்தன. பேரப்பிள்ளைகள் அவற்றைக் கட்டிவைத்திருந்தனர். ஆகவே நூல்கள் பிறந்தன. இவ்வளவே இரகசியம்.

ஆதர் கிளார்க் எழுதிய 'தப்ரபேனின் பவளப் பாறைகள்' 1957இல் வெளிவந்தது. அவரும் மைக் வில்சனும் 1956இல் இலங்கைக்கு வந்து கடலடியில் மூழ்கித் திரிந்த அனுபவ நூல் அது. சுவாமிப் பாறையின் அடியிலே, கடலுள் விழுந்து கிடந்த கோயிற்றூண்களையும் செதுக்கிய கற்களையும் தாம் கண்டதை அதிலே எழுதுகிறார். கோயிலை இடித்தவரின் சரித்திரம் 1681இல். இடிந்து விழுந்த கல்லைக் கண்டவரின் நூல் 1957இல். இடையே முந்நூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. 1950இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட திருவுருவங்களோடு, புதுக்கிய ஆலயத்துக்கு 1963இல் கும்பாபிஷேகம் நடைபெற்றதை ஊர் அறியும். ஊருக்கு அவ்வளவாகத் தெரியாத செய்தி ஒன்றுண்டு. நம் கடலிலே மூழ்கிய மைக் வில்சன் பின்னாளில் துறவு பூண்டு சுவாமி சிவகல்கி என்னும் பெயரோடு வாழ்ந்து 1995இல் மறைந்தார். அவர் மனம் மாறிய கதையை அவரே விரிவாக எழுதியிருப்பாராயின், நமது வாசிகசாலையில் அது முதற்றட்டிலே இருந்திருக்கும்.

இனி, வானத்திலிருந்து நமது துறையைக் கண்டவர் ஒருவர். 1942 ஏப்பிரல் 9ஆந் திகதி காலை யப்பானிய விமானங்கள் திருக்கோணமலையிலே குண்டு வீசின. துறையை விட்டுப் புறப்பட்டிருந்த 'ஹெர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் அன்றே மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. தாக்கிய விமானப் படைக்குத் தலைமை தாங்கிய மிற்சுவோ புச்சிடா, போர் முடிந்தபின் தோழர் ஒருவருடன் சேர்ந்து மிட்வே யுத்தத்தைப்பற்றி நூலொன்று எழுதினார். 1951இல் யப்பானிய மொழியிலும் 1955இல் ஆங்கிலத்திலும் அது வந்தது. இந்துசமுத்திரப் படையெடுப்பும் அதிற் பேசப்படுகிறது. விறுவிறுப்பான நூல்தான், ஆனால் எச்சரிக்கையோடு படிக்கத்தக்கது. மிட்வே பற்றி அவர் சொன்னவற்றுட் சில, யப்பானியரின் சொந்தப் போர்ப் பதிவுகளோடு பொருந்தவில்லை என்பதைப் பிற்கால ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். 2005இல் பார்ஷல், டலி என்னும் இருவர் எழுதிய நூல் அதை விரிவாக எடுத்துக் கூறுகிறது. நேரிற் கண்டவன் எழுதினான் என்பதனாலேயே எழுதியதெல்லாம் நடந்ததாகிவிடாது. மேலும், விமானத்திலிருந்து பார்ப்பவனுக்குத் துறையும் எண்ணெய்த் தாங்கிகளும் தெரியும்; கிணற்றடியில் நின்ற பெண் தெரியமாட்டாள்.

அந்த ஏப்பிரல் மாதத்துக் குண்டுகள் தமிழிலக்கியத்தையும் வந்து தொட்டன. சென்னையிலே அச்சம் பரவிச் சனங்கள் நகரை விட்டு வெளியேறினர். அவர்களுள் ஒருவராக மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் திருக்கழுக்குன்றத்துக்குச் சென்றார். அங்கே ஏப்பிரல் 28ஆந் திகதி இயற்கை எய்தினார். அப்போது அவருடைய 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்துகொண்டிருந்தது. 122 அத்தியாயங்களோடு நின்றுவிட்டது. 1855இற் பிறந்தவரின் கதை 19ஆம் நூற்றாண்டின் முடிவையும் தாண்டாமல் நின்றது. 1950இல் நூலாக வெளிவந்த இதனை, தமிழிலே ஒரேயொரு சுயசரிதம் படிக்க விரும்புவோருக்கு நாம் முதலிற் காட்டுவோம். தம்மைப் பற்றி எழுதவந்தவர் தமது ஆசிரியரையும், சோறிட்ட மடத்தையும், ஏடு கொடுத்த குடியானவரையும் பற்றியே பெரிதும் எழுதுகிறார். தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை இரண்டு பாகமாக ஏற்கெனவே எழுதி முடித்த பின்னரே தம் கதைக்கு வந்தார் என்பதும் கருதத்தக்கது.

ஈழத்தவராகிய நாம் அந்நூலைப் படிக்கும்போது ஓரிடத்திலே சற்று நிற்கவேண்டும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க எண்ணியிருந்தார். ஐயரும் அதே நூலிலே உழைத்துக்கொண்டிருந்தார். இருவருக்குமிடையே ஏட்டுப் பிரதி பற்றி நடந்த பேச்சும் மனவருத்தமும் 'என் சரித்திரத்'தில் ஐயர் வாயிலாக நமக்குக் கிடைக்கின்றன. பிள்ளையவர்கள் சுயசரிதம் எழுதவில்லை; 1901இல் மறைந்துவிட்டார். ஆகவே வழக்கிலே ஒரு சாட்சியே பேசுகிறது. ஐயர் பொய்யுரைத்தார் என்பதன்று நமது கருத்து. அவர் நேர்மையை ஐயுறுவார் இலர். ஆனால் பிள்ளையவர்கள் வீரசோழியத்துக்கும் தொல்காப்பியப் பொருளதிகாரத்துக்கும் கலித்தொகைக்கும் எழுதிய பதிப்புரைகளையும் உடன் வைத்துப் படிக்கவேண்டும். ஏடுகள் கைபட்டாலே உதிரும் நிலையையும், தம் பொருளும் உடலும் அந்த உழைப்பிலே தேய்ந்ததையும் அவர் அங்கே சொல்கிறார். சுயசரிதம் எழுதாதவனின் சுயசரிதம் பல வேளைகளில் இப்படி முகவுரைகளிலேதான் ஒளிந்துகிடக்கும்.

தமிழிலே வாழ்க்கை வரலாறு புதிதன்று. சுந்தரர் தொகுத்த அடியார் பெயர்களை விரித்துச் சேக்கிழார் பாடிய பெரியபுராணம் நமது வீடுகளிலேயே உண்டு. குயவரும் வண்ணாரும் வேடரும் பறையரும் அதிலே தலைமாந்தராக வருகிறார்கள். உரைநடைக் காலத்திலே ஈழம் பின்தங்கவில்லை. சைமன் காசிச் செட்டி 'தமிழ் புளூராக்' என்னும் புலவர் வரலாற்றை 1859இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஆணல்ட் சதாசிவம்பிள்ளையின் 'பாவலர் சரித்திர தீபகம்' 1886இல் வந்தது. ஆறுமுக நாவலர் 1879இல் மறைந்தார். மூன்றே ஆண்டில், 1882இல், கனகரத்தின உபாத்தியாயர் அவர் சரித்திரத்தை எழுதி அச்சிட்டுவிட்டார். பின்னர் நாவலரின் தமையன் மகன் த. கைலாசபிள்ளை எழுதிய சரித்திரமும் வந்தது. முன்னதிலே கண்ணெதிரே வாழ்ந்தவரைப்பற்றிய சுறுசுறுப்பு உண்டு. பின்னதிலே வீட்டுக்குள்ளிருந்து கண்ட நெருக்கம் உண்டு. இளைஞர்களுக்கு இரண்டையும் சொல்வோம். ஒன்றே போதும் என்போர் பின்னதை எடுக்கலாம்.

திரு. வி. கலியாணசுந்தரனாரின் 'வாழ்க்கைக் குறிப்புக்கள்' 1944இல் வந்தது. தொழிற்சங்கமும் தேசியமும் சைவமும் ஒருவர் நெஞ்சிலே எவ்வாறு கூடி வாழ்ந்தன என்று அறிய அதைவிட நல்ல நூல் இல்லை. அவருக்குத் தமிழ் உணர்ச்சி ஊட்டியவர் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை என்பதும், அவ்வாசிரியரின் சரித்திரமே திரு. வி. க. 1908இல் எழுதிய முதல் நூல் என்பதும் நமக்கு இனிப்பான செய்திகள். காந்தியடிகளின் 'சத்திய சோதனை'யை நாம் சொல்லித்தான் படிக்கவேண்டுமென்பதில்லை.

துறைமுகத்தார் தவறாது படிக்கவேண்டியது ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு. புதுச்சேரியிலே பிரெஞ்சுக்காரருக்குத் துபாஷியாக இருந்த அவர் 1736 முதல் 1761இல் இறக்கும்வரை எழுதிவந்தது அது. எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு, யாருக்கு எத்தனை பீரங்கி மரியாதை, துரையவர்கள் அன்று என்ன கோபத்திலிருந்தார் என்றெல்லாம் பேச்சுத் தமிழிலேயே எழுதிவைத்தார். அவர் இறந்து 85 ஆண்டுகள் சென்றபின், 1846இல், ஒரு பிரெஞ்சு உத்தியோகத்தர் அதனைக் கண்டெடுத்தார். அதுவரை வீட்டுக்குள்ளே கிடந்தது. கறையான் சற்று விரைந்திருந்தால் இன்று நாம் இந்தப் பந்தியை எழுதியிருக்கமாட்டோம்.

சமயத் துறையிலே பரமஹம்சரின் அமுத மொழிகளைத் தினந்தோறும் குறித்துவைத்த மகேந்திரநாத குப்தரை நினைக்கவேண்டும். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் அவர்; நூலிலே தம்மை 'ம' என்ற ஓர் எழுத்தாக ஒளித்துக்கொண்டார். அதே வங்கத்திலே ராஸசுந்தரி தேவி என்னும் கிராமத்துக் குடும்பப் பெண், பெண்கள் எழுத்தறிதல் பாவம் என்றிருந்த காலத்திலே, வீட்டுச் சைதன்ய பாகவதச் சுவடியிலிருந்து ஓரேட்டை எடுத்து அடுக்களையில் மறைத்துவைத்து, மகன் எழுதிப் பழகிய ஏட்டோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுத் தானே படிக்கக் கற்றார். 1876இல் அச்சான அவருடைய 'என் வாழ்க்கை' வங்கமொழியின் முதற் சுயசரிதமாகக் கொள்ளப்படுகிறது. மங்கையர் பகுதியில் சமையற் குறிப்பு நூல்களோடு இதுவும் இருக்கவேண்டும். ஆடவரும் எடுத்துச் செல்லலாம்.

இப்போது நம் ஊரவரிடம் வருவோம். தி. த. கனகசுந்தரம்பிள்ளை திருக்கோணமலையிற் பிறந்து சென்னையிலே பழந்தமிழ் நூற்பதிப்பிற் பெயர்பெற்றவர். அவருடைய தம்பி சரவணமுத்துப்பிள்ளை சென்னையிலே சுவடி நூலகத்திற் பணிபுரிந்தவர். பெண்களின் உரிமைக்காகத் 'தத்தைவிடு தூது' பாடியவர். 1895இல் 'மோகனாங்கி' என்னும் சரித்திர நாவலை எழுதியவர். நாயக்கர் காலத்தைத் தேடிச்சென்று கதை படைத்த அவர், இத் துறைமுகத்திலே தாம் வளர்ந்த தெருவைப்பற்றி எழுதிவைத்திருந்தால் எத்துணைப் பயனாயிருக்கும்! வே. அகிலேசபிள்ளை தலத்தின் வைபவத்தை எழுதினார். தம் வைபவத்தை எழுதவில்லை. விபுலானந்த அடிகள் 1892இற் காரைதீவிலே பிறந்து, 1924இல் துறவியாகி, இராமகிருஷ்ண மிஷனின் கைக்கு வந்த நமது இந்துக் கல்லூரியை நடத்தி, 1947 யூனில் யாழ்நூலை அரங்கேற்றி, அடுத்த மாதமே சமாதியடைந்தார். அவரைப்பற்றிய நூல்களும் மலர்களும் பல உள. அவரே எழுதிய தன்வரலாறு இல்லை. கட்டுரைகளிலும் கடிதங்களிலும் சிதறிக் கிடப்பவற்றையே நாம் பொறுக்கிச் சேர்க்கவேண்டியுள்ளது.

தன்னைப்பற்றி எழுதுவது அகந்தை என்று நம் முன்னோர் எண்ணினர் போலும். அந்த அடக்கத்தை மதிக்கிறோம். ஆனால் அதன் விளைவு என்ன? நொக்ஸ் பேசுகிறார், டீ சாவின் மகன் பேசுகிறார், புச்சிடா பேசுகிறார். நம் பக்கத்திலே மௌனம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 அளவான நூல்களும் சுவடிகளும் போயின. போர்க்காலத்து இடப்பெயர்வுகளிலும், 2004 டிசெம்பர் 26ஆந் திகதிக் கடற்கோளிலும் நமது பகுதியில் வீட்டுப் பெட்டிகளோடு போனவற்றுக்குக் கணக்கே இல்லை.

எனினும் நம்மிடம் ஒருவகை வாழ்க்கை வரலாறு ஓயாமல் அச்சேறிக்கொண்டுதான் இருக்கிறது. ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியிலே கொடுக்கும் 'கல்வெட்டு'ப் புத்தகத்தையே சொல்கிறோம். தேவாரம், வம்சவழி, புலம்பற் பாக்கள், இரண்டு பக்கம் வாழ்க்கைக் குறிப்பு: வந்தவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரியில் வைப்பார்கள், பின்பு பழைய கடதாசிக்காரனுக்குப் போகும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூலகத்தார் இத்தகைய நினைவு மலர்களையும் சேர்க்கிறார்கள். நமது வாசிகசாலையும் இதற்கென ஒரு தட்டை ஒதுக்கலாம். ஆனால் ஒரு குறையைச் சொல்லியே ஆகவேண்டும். அந்தக் குறிப்புகளில் எல்லோரும் ஒரேமாதிரி மனிதர்களாகவே இருக்கிறார்கள். 'விருந்தோம்பலிற் சிறந்தவர், கடமை தவறாதவர்' என்று எழுதுகிறோம். அவர் எந்த ஆண்டிலே கப்பற்றளத்தில் வேலைக்குச் சேர்ந்தார், என்ன வேலை, நாட்கூலி எவ்வளவு, எந்தக் கலவரத்தில் எங்கே இருந்தார், கட்டிய வீடு எத்தனைமுறை உடைந்தது என்பவற்றை விட்டுவிடுகிறோம். தொப்பியின் விலையையும் வட்டி வீதத்தையும் எழுதிய நொக்ஸிடம் நாம் கற்கவேண்டியது இதுவே.

மன்றத்து இளைஞர்கள் ஆளுக்கொரு குறிப்புப் புத்தகம் எடுத்துக்கொண்டு வீடுவீடாகச் செல்வதானால், முதலிற் செல்லவேண்டிய வீடுகள் சில உண்டு. 1942இலே பத்து வயதாயிருந்தவர்கள் இன்று தொண்ணூறைக் கடந்தவர்கள். எண்ணி எடுக்கத்தக்க சிலரே இருக்கிறார்கள். புச்சிடா மேலிருந்து கண்ட அந்தக் காலையை அவர்கள் கீழிருந்து கண்டார்கள். அவர்களிடம் கேட்கவேண்டியவை பெரிய கேள்விகளல்ல. அன்று அடுப்பு மூட்டியிருந்ததா? முதற் சத்தம் கேட்டபோது அம்மா எங்கே நின்றார்? எந்தப் பாதையால் ஓடினீர்கள், எந்த ஊரில் யார் வீட்டிலே தங்கினீர்கள்? திரும்பி வந்தபோது வீட்டுக் கதவு பூட்டியபடியே இருந்ததா? மாட்டை அவிழ்த்துவிட்டது யார்? உங்களோடு கூட ஓடிவந்த வேலைக்காரப் பையனின் பெயர் என்ன?